டயல் பூட்டோடு ஒன்பது வருடம்

பூட்டுத் திருத்த வந்த பாஸ் போய் இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. சாப்பாட்டு மேசையில் இன்னும் கிறீஸ் மணக்கிறது. தெஹிவளையில் இருக்கும் மச்சான் போன கிழமை கேட்டிருந்தான்: "வீட்டுக்கு ஒரு பெட்டகம் எடுக்கப் போறன், என்ன பூட்டு நல்லது?" சூட்டோடு சூடாகப் பதில் எழுதுகிறேன். சூடு கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

எங்களுடையது, மாமனார் புறக்கோட்டைக் கடையை மூடியபோது எங்களிடம் வந்த இரும்புப் பெட்டகம். வெள்ளவத்தை ஃபிளாட்டின் மூன்றாம் மாடிக்கு அதை ஏற்றிய நாலு பேரும் இன்று வரை என்னைக் கண்டால் இடுப்பைப் பிடித்துக் காட்டுவார்கள். உள்ளே மூன்று சில்லு, வெளியே 0 முதல் 99 வரை கோடு போட்ட டயல். திறப்பும் (சாவியும்) இல்லை, பற்றரியும் இல்லை.

திறக்கும் விதம் இது. முதல் இலக்கத்துக்கு இடப்பக்கம் நாலு தரம், இரண்டாவதுக்கு வலப்பக்கம் மூன்று தரம், மூன்றாவதுக்குத் திரும்ப இடப்பக்கம் இரண்டு தரம். பிறகு வலப்பக்கம் மெல்லச் சுற்ற, ஓரிடத்தில் டயல் முட்டி நிற்கும். அப்போதுதான் கைபிடி திரும்பும். நடுவில் இலக்கத்தைத் தாண்டிவிட்டால் பின்னுக்கு இழுத்துச் சரிபண்ண முடியாது, முதலில் இருந்து தொடங்க வேண்டும். எனக்குக் கண்ணாடி போட்டால் ஒரு நிமிடம், போடாவிட்டால் பகவான் விட்ட வழி. என் மனைவி இந்த ஒன்பது வருடத்தில் அதைத் தானாகத் திறந்தது இரண்டே இரண்டு தரம்.

வெள்ளிக்கிழமை அக்காவின் மகளுக்குக் கலியாணம். விடிய 5 மணிக்கு அட்டியலை எடுக்கப் போனேன். ஏழு தரம் சுற்றினேன். ஏழு தரமும் கைபிடி அசையவில்லை. இரண்டாம் தரம் மனைவி வாயில் கொண்டையூசியோடு வந்து, "இன்னும் திறக்கேல்லையா?" என்றாள். ஐந்தாம் தரம் வந்து நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் தங்கச்சியின் சங்கிலியை இரவல் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். படங்களிலெல்லாம் அந்தச் சங்கிலிதான்.

இன்றைக்கு வந்த பாஸ் பையில் இருந்து துளைபோடும் மெஷினை எடுப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் எடுக்கவே இல்லை. இலக்கங்களைக் கேட்டார். மூன்றிலும் ஒன்று குறைத்துச் சுற்றிப் பார்த்தார், திறக்கவில்லை. ஒன்று கூட்டிச் சுற்றினார். கைபிடி வெண்ணெய் மாதிரித் திரும்பியது. "மாத்தையா, நம்பர் சரி. கோடுதான் நகர்ந்துட்டு" என்றார். பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். பித்தளைச் சில்லுகளில் பழைய கிறீஸ் காய்ந்து, கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டியிருந்தது. வருடத்துக்கு ஒருதரம் துடைத்திருக்க வேண்டுமாம். நான் ஒன்பது வருடம் துடைக்கவில்லை. பூட்டிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான். ஆனாலும் கோபம் போகவில்லை.

நியாயமாகச் சொன்னால், கள்வனுக்கு எதிராக இதைவிட நேர்மையான பூட்டு வீட்டுக்குக் கிடைப்பது கஷ்டம். கணக்குப்படி 10 லட்சம் இலக்கச் சேர்க்கைகள். அரைக்கோடு பிசகினாலும் திறக்கும் தளர்வு இருப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. காதை வைத்துக் கேட்டுத் திறப்பதெல்லாம் படத்தில்தான் இரண்டு நிமிடம். விரல் உணர்வால் சில்லுகளைக் கண்டுபிடிக்கும் ஆட்கள் உலகத்தில் உண்டு, ஆனால் அவர்களுக்கே மணிக்கணக்கு எடுக்கும். அந்த வித்தை தெரிந்தவன் என் வீட்டு அட்டியலுக்காக மூன்று மாடி ஏறமாட்டான்.

திறப்புப் பூட்டும் லேசுப்பட்டதல்ல, நல்லதென்றால் உள்ளே திறப்புத் தூக்க வேண்டிய நெம்புத் தகடு ஏழெட்டு இருக்கும். 1851இல் லண்டன் கண்காட்சி நேரத்தில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், சப் என்ற பேர்போன கம்பனியின் பூட்டை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார், பிராமா என்ற இன்னொரு கம்பனியின் பூட்டுக்கு 51 மணித்தியாலம் எடுத்தது. நம் வீடுகளில் அவ்வளவு பாடு யாரும் படத் தேவையில்லை. அலுமாரியில் மூன்றாவது சேலைக்குக் கீழே திறப்பு இருக்கும், அது கள்வனுக்கும் தெரியும்.

இனி டிஜிட்டல். கடைகளில் வரிசையாக அடுக்கியிருக்கும் சின்னப் பெட்டிகளைப் பார்த்து ஏமாறாதே மச்சான். அவற்றில் பற்றரி உள்ளே இருக்கிறது. அது செத்தால் எப்படித் திறப்பது? அதற்காகவே ஸ்டிக்கருக்கோ மூடிக்கோ பின்னால் ஒரு அவசரத் திறப்புத் துவாரம் வைத்திருக்கிறார்கள். ஆறு இலக்கம் போட்டு என்ன பயன், கள்வன் அந்த மலிவுத் துவாரத்தைத்தானே பார்ப்பான். பலவற்றில் தாழைத் தடுத்து நிற்பது மின்சாரம் வந்தால் விலகும் ஒரு சின்ன ஊசி (சொலனாய்ட்). பெட்டியில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தாலே அது துள்ளி வழிவிடும். சரியான டிஜிட்டல் பூட்டில் பற்றரி வெளியே, விசைப்பலகையில் இருக்கும். செத்தாலும் மாற்றலாம், இலக்கம் அழியாது. நாலு தரம் பிழையாக அமத்தினால் பொதுவாக 5 நிமிடம் மறுக்கும். ஆளுக்கொரு இலக்கமும் வைக்கலாம். குறை என்னவென்றால் டயல் மாதிரி இழுபட்டு, முரண்டு பிடித்து முன்கூட்டியே சொல்லாது. ஒருநாள் சத்தமில்லாமல் செத்துவிடும், பிறகு துளைதான். எங்கள் கடற்கரை உப்புக் காற்றில் பற்றரி முனை பச்சை பிடிக்கும் என்பதையும் கணக்கில் எடு. கைரேகைப் பூட்டைப் பற்றிக் கேட்காதே. தேங்காய் துருவிய கையை அது மதிக்காது.

தீ தாங்கும் என்று எழுதியிருந்தால் கள்வனைத் தாங்கும் என்று நினைக்காதே. தகட்டில் டி.எல்-15 என்ற சோதனைக் குறி இருந்தால், கருவிகளோடு கதவில் நேரே வேலை செய்யும் நேரம் 15 நிமிடத்தை அது தாங்கியது என்று அர்த்தம். அப்புறம், எந்தப் பூட்டாக இருந்தாலும் கொங்கிறீட்டில் போல்ட் அடி. இருபது கிலோ பெட்டியின் பூட்டை யாரும் திறக்க மெனக்கெட மாட்டார்கள், சாக்கில் போட்டுக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஏறிவிடுவார்கள்.

சரி, என்ன வாங்கலாம்? இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், டயல் வேண்டாம். நானே கழற்றப் போகிறேன். திருகாணித் துவாரங்கள் பொருந்துமாம், கதவை வெட்டத் தேவையில்லை. சனிக்கிழமை பாஸ் டிஜிட்டல் பூட்டோடு வருகிறார். "நல்ல பூட்டு மாத்தையா, ஏன் மாத்துறீங்க?" என்று இரண்டு தரம் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இலக்கத்தை அவள்தான் போடுவாளாம். எனக்கென்று ஒன்று தருவாளா என்று இன்னும் சொல்லவில்லை.