கொலாஜனா, பட்டா? திசுவுக்குச் சாரம் எதில் கட்டுவது

கட்டடம் எழும்பும்போது சாரம் கட்டுகிறோம், சுவர் தானாக நின்றதும் பிரித்துவிடுகிறோம். திசுப் பொறியியலும் அப்படித்தான். தோலோ எலும்போ அழிந்துபோன இடத்தில், புரதத்தால் ஆன, நுண்துளைகள் நிறைந்த ஒரு பஞ்சை வைப்பார்கள். செல்கள் அதில் ஏறிப் பெருகித் தங்கள் சொந்தத் திசுவை உருவாக்கிக்கொள்ளும். ஆனால் இந்தச் சாரத்தைப் பிரிக்க ஆள் வராது, தானே கரைய வேண்டும். அதனால் எந்தப் புரதம் வலுவானது என்பதைவிட, எது எத்தனை நாள் நிற்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கொலாஜனிலிருந்து தொடங்கலாம். நம் உடலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற இதன் வடிவத்தை 1954, 55ஆம் ஆண்டுகளில் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். செல்கள் பற்றிக்கொள்வதற்கான இடங்கள் அந்தக் கயிற்றிலேயே இருப்பதால், கொலாஜன் அவற்றுக்குப் பிறந்த வீடு மாதிரி.

தீக்காய சிகிச்சையில் இதன் அருமை தெரியும். மாட்டுக் கொலாஜனோடு சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்டின் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியைச் சேர்த்து, மேலே சிலிக்கோன் படலம் போர்த்திய செயற்கைத் தோலை அமெரிக்காவில் பொறியாளர் யானஸும் அறுவை மருத்துவர் பர்க்கும் உருவாக்கினார்கள். இன்டெக்ரா என்ற பெயரில் 1996இல் அதற்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. இரண்டு மூன்று வாரங்களில் ரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்துவிடும். அப்புறம் சிலிக்கோனை உரித்துவிட்டு, மெல்லிய தோலை ஒட்டுவார்கள்.

குறையும் உண்டு. ஈரத்தில் கொலாஜன் துவண்டுபோகும், நொதிகளும் அதை வேகமாகத் தின்றுவிடும். நீடித்து நிற்க வேண்டுமானால் இழைகளுக்கு இடையே வேதிப் பிணைப்பு போட வேண்டும். குளூட்டரால்டிஹைடில் போட்டால் மிச்சமிருக்கும் நஞ்சு செல்களைக் கொல்லும். கார்போடைஇமைடு அந்த வகையில் சுத்தமானது, ஆனால் செல்கள் பற்றிக்கொள்ள உதவும் அமிலப் பகுதிகளையே அது பிணைப்புக்குச் செலவழித்துவிடுகிறது. உறுதியைக் கூட்டினால் கைப்பிடி குறைகிறது. மாடு, பன்றி வேண்டாம் என்று மீன் கொலாஜனுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குளிர்கடல் மீன்களின் கொலாஜன் நம் உடல் சூட்டைக்கூடத் தாங்காமல் குலைந்துவிடும்.

சரி, பட்டுக்கு வருவோம். பட்டிழையின் உள்ளே இருப்பது ஃபைப்ராயின் என்ற புரதம், அதன்மேல் பசையாக ஒட்டியிருப்பது செரிசின். பட்டு நூலைச் சோடாவும் சோப்பும் போட்டு வேகவைத்துப் பசை நீக்குவதை நம் சாயப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். ஆய்வகத்திலும் முதல் வேலை அதேதான். சோடியம் கார்பனேட் கலந்த நீரில் அரை மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். இதில் அவசரப்படக் கூடாது. பசையும் ஃபைப்ராயினும் சேர்ந்தே உள்ளே போனால் உடல் ஒவ்வாமை காட்டக்கூடும். பிறகு லித்தியம் புரோமைடில் கரைத்து, உப்பை நீக்கினால் பஞ்சு, படலம், கூழ் என எந்த வடிவிலும் வார்க்கலாம்.

பட்டில் என்னைக் கவர்வது அதன் ஆயுளை நம் விருப்பத்துக்கு வைக்க முடிவதுதான். மெத்தனாலோ நீராவியோ காட்டினால் உள்ளே படிக அடுக்குகள் கூடும். அவை கூடக் கூடக் கரைவது தாமதமாகும். சில வாரங்களும் நிற்க வைக்கலாம், ஒரு வருடத்துக்கு மேலும் நிற்க வைக்கலாம். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுவதற்கு ஏறக்குறைய 2,000 நியூட்டன் விசை வேண்டும். அந்த இடத்தில் கொலாஜன் கூழை நினைத்தே பார்க்க முடியாது, முறுக்கிய பட்டுக் கயிறு தாங்கும்.

ஆனால் மல்பெரிப் பட்டில் செல்கள் பற்றிக்கொள்ள வேண்டிய ஆர்ஜிடி என்ற அமினோ அமிலத் தொடர் இல்லை. காட்டுப் பட்டு வகையான டசரில் அது உண்டு. சிக்கல் என்னவென்றால், டசர் ஃபைப்ராயின் லித்தியம் புரோமைடில் எளிதில் கரையாது, புழுவின் சுரப்பியிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

மற்றப் புரதங்களில், கொலாஜனிலிருந்து கிடைக்கும் ஜெலட்டின் மலிவு, ஆனால் தனியாக விட்டால் உடல் சூட்டில் உருகிவிடும். ரத்தம் உறையும்போது வலையாகப் பின்னும் ஃபைப்ரினை நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுக்கலாம். செல்களை ஏந்திப் போக அதைவிட நல்லது இல்லை, ஆனால் சில நாட்களிலோ வாரங்களிலோ கரைந்துவிடும்.

தோலுக்குக் கொலாஜன், தசைநாருக்குப் பட்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எலும்பில்தான் போட்டி. எலும்பு வளர்க்கும் புரதத்தில் நனைத்த கொலாஜன் பஞ்சை முதுகெலும்பு இணைப்புக்குப் பயன்படுத்த 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் பஞ்சால் சுமை தாங்க முடியாதே. அதனால் டைட்டேனியக் கூண்டுக்குள் வைத்துத்தான் பொருத்தினார்கள். பஞ்சு கரைந்த பிறகும் கூண்டு உள்ளேயே இருக்கும். பட்டு ஆய்வாளர்கள் குறிவைப்பது இப்படிப்பட்ட உலோகங்களின் இடத்தைத்தான். 2014இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் கேப்லன் குழுவினர் பட்டிலேயே திருகாணி கடைந்து, எலிகளின் கால் எலும்பில் முடுக்கிப் பார்த்தார்கள்.