பழைய திங்க்பேட் வாங்கும் முன் எஃப்1 அழுத்திப் பாருங்கள்

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து காட்பாடி போகும் வழியில் உள்ள ஒரு செகண்ட்ஸ் கடை. லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்டுக்கொள்ள சின்ன லேப்டாப் வேண்டும் என்று சொல்லியே நான் வாங்கியது: லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்250, 12.5 இன்ச், ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ரூ.14,500. மாடலில் குறையில்லை, லினக்ஸுக்கு இந்த வரிசை தங்கம். கையில் வந்த மெஷின்தான் வினை.

கடையில் விண்டோஸ் ஓட்டிக் காட்டினார்கள். வீட்டில் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகி எஃப்12 அழுத்தினால், எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பூட் மெனு வரவில்லை. மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போக எஃப்1 அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்கிறது. ஏதோ கம்பெனியிலிருந்து லாட்டில் வந்த மெஷின். பயாஸை யாரும் மாற்றாதபடி அங்கே போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டை யாரும் எடுக்கவில்லை. யூஎஸ்பி பூட் அடைப்பு, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் கிளம்பவிடும் செக்யூர் பூட்டையும் அணைக்க முடியாது. பயாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். திங்க்பேடில் அந்தப் பாஸ்வேர்டு மதர்போர்டு சிப்பிலேயே பதிந்திருக்கும். மறந்துபோனால் போர்டையே மாற்றணும் என்பதுதான் லெனோவோவின் பதில்.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "விண்டோஸ் ஓடுதுல்ல, அப்புறம் இன்னா சார்?"

அடுத்தது வைஃபை. வலது பக்க யூஎஸ்பியில் நகக்கண் அளவு டாங்கிள் ஒன்று செருகியிருந்தது. மவுஸுடையது என்று நினைத்து விட்டாயிற்று. அடிமூடியைத் திறந்தால் வைஃபை கார்டு இருக்க வேண்டிய இடம் காலி, ஆன்டெனா கம்பி இரண்டும் டேப் ஒட்டிக் கிடக்கின்றன. இந்தத் தலைமுறை திங்க்பேடில் கிடைத்த கார்டை மாட்ட முடியாது. பயாஸ் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் 1802 என்று பிழை காட்டி அப்படியே நின்றுவிடும். லெனோவோவின் எஃப்ஆர்யூ (உதிரிபாக) எண் அச்சிட்ட இன்டெல் 7265 கார்டு தேடி வாங்க வேண்டும். டாங்கிளோடு காலம் தள்ளலாமே என்றால், மலிவு ரியல்டெக் டாங்கிள் சிலவற்றுக்கு டிரைவரைத் தனியாகக் கம்பைல் செய்யணும், லினக்ஸின் மையமான கெர்னலுக்கு அப்டேட் வரும்போதெல்லாம் திரும்பவும் அதே பாடு.

பேட்டரியில் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். எக்ஸ்240 முதல் எக்ஸ்270 வரை இரண்டு பேட்டரி: உள்ளே ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது ஒன்று. பின்னாலுள்ளதை மட்டும் புதிதாகப் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்தது 23 வாட்-அவர் டிசைனுக்கு 4 கூடத் தாங்கவில்லை. இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். சார்ஜரைப் பிடுங்கி, மெஷின் ஓடும்போதே பின் பேட்டரியைக் கழற்றுங்கள். உள் பேட்டரி நல்லதென்றால் திரை அசையாமல் ஓடும். இந்த மெஷின் பொட்டென்று அணைந்தது.

மாற்றித் தரச் சொன்னதற்கு நீட்டியது இன்னும் மோசம். 11.6 இன்ச், ஆட்டம் இசட்3735எஃப், 2 ஜிபி ராம், 32 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ். ராமும் ஸ்டோரேஜும் போர்டில் பற்றவைத்தவை, கூட்ட முடியாது. பிராசசர் 64 பிட், யூஇஎஃப்ஐ (புது வகை பயாஸ்) மட்டும் 32 பிட் என்பதால் பல லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் (இன்ஸ்டால் கோப்புகள்) பூட்டே ஆகாது. குரோம்புக் நீட்டினாலும் பிராசசர் பெயரைப் பாருங்கள்: மீடியாடெக் என்றால் ஏஆர்எம், இன்டெல் மெஷினுக்கான ஐஎஸ்ஓ அதில் ஏறாது.

ஆகவே பணம் எண்ணுவதற்கு முன் இருபது நிமிடம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம். எஃப்1 அழுத்தி உள்ளே போய், செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு 'டிசேபிள்டு' என்று இருக்கிறதா, பக்கத்திலேயே திருட்டுத் தடுப்புக்கான கம்ப்யூட்ரேஸ் ஆக்டிவாக இல்லையா என்று பாருங்கள். டாங்கிள் எது இருந்தாலும் பிடுங்கி வைத்துவிட்டு, 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு அல்லது டெபியன் லைவ் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ்) போட்டு பூட் செய்து வைஃபை பிடிக்கிறதா பாருங்கள். ஒரு பாட்டு ஓடவிட்டு மூடியைச் சாத்தித் திறந்தால் சவுண்டும் சஸ்பெண்டும் ஒரே தடவையில் தெரிந்துவிடும். எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ஓடிய மணிக்கணக்கும் இருக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் யூஇஎஃப்ஐ முறையில் உபுண்டு ஏற்றித் திரும்ப மாட்டலாம். செக்யூர் பூட் ஆனில் இருந்தாலும் உபுண்டுவின் கையொப்பமிட்ட பூட்லோடர் (இயங்குதளத்தைக் கிளப்பும் நிரல்) ஏற்கப்படும். ஆனால் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில், பூட் ஃபோல்டருக்குள் பூட்எக்ஸ்64 கோப்பு இருந்தாகணும். பாஸ்வேர்டு என்னவோ அப்படியேதான் இருக்கும்.

எஸ்டிமேட் சீட்டை பில் என்று வாங்கிக்கொண்டு வராதீர்கள். மாடல், சீரியல் எண், ராம் அளவு, 'பயாஸ் பாஸ்வேர்டு இல்லை' நான்கையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இந்த எக்ஸ்250க்குக் கையில் இருப்பது பென்சிலில் 'லேப்டாப் 1' என்று எழுதிய சீட்டு மட்டும்தான்.