கொடிகாமத்தில் ஏற்றினால் வெள்ளவத்தையில் விடியும்

பெட்டியின் மூன்று பக்கங்களிலும் அப்பா என் பெயரை எழுதியிருந்தார். நான்காவது பக்கத்தில் என் தொலைபேசி இலக்கம். மேலே ‘வெள்ளவத்தை’ என்று தமிழிலும் சிங்களத்திலும். அந்தச் சிங்கள எழுத்துகளைப் பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் கேட்டுப் பார்த்து எழுதியதாக அம்மா பிறகு சொன்னார். நான் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்கு வந்து ஒன்பதாவது நாள் அது. 2025ஆம் ஆண்டின் தொடக்கம். அன்றிலிருந்து இரவு பஸ்ஸில் எனக்கு இருபத்தேழு பெட்டிகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். வீட்டைவிட்டு முதன்முறையாகக் கொழும்புக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் உதவும் என்பதால் யாழ்ப்பாணம் - கொழும்பு இரவு பஸ்களின் இந்தப் பெட்டிச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சுமார் நானூறு கிலோமீற்றர். மாலை ஏழு மணிக்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும் தனியார் பஸ்கள் விடிவதற்குள் கொழும்பின் வெள்ளவத்தைக்கு வந்துவிடுகின்றன. எங்கள் ஊர் கொடிகாமம். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி ஊருக்கு நடுவே போவதால் அப்பா யாழ்ப்பாணம்வரை போகத் தேவையில்லை. புறப்படும் நேரத்தில் நடத்துநருக்கு அழைப்பு எடுத்துச் சொல்லிவிட்டால், முக்கால் மணி நேரத்தில் சந்தியில் நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். நடுத்தர அளவுப் பெட்டி ஒன்றுக்கு எங்களிடம் ஐந்நூறு ரூபாய் வாங்குகிறார்கள். பாரம் கூடினால் எழுநூறு. பணத்தை ஏற்றும் இடத்திலேயே கொடுத்துவிடலாம், இறக்கும் இடத்திலும் கொடுக்கலாம். அப்பா ஒருநாளும் என்னைக் கொடுக்க விட்டதில்லை.

பஸ்ஸின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரே முதலாளியின் இரண்டு பஸ்களில் இரண்டு விதமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். சேவை என்பது அந்த இரவு வருகிற நடத்துநரைப் பொறுத்தது. எங்கள் பெட்டிகளை வழக்கமாகக் கொண்டுவருபவர் பெட்டி ஏறியதும் என் இலக்கத்தைத் தன் கைப்பேசியில் போட்டுக்கொள்வார். அதிகாலையில் அழைத்து, “தங்கச்சி, பம்பலப்பிட்டி வந்துவிட்டோம், வெளியே வாருங்கள்” என்பார். ஹம்டன் லேனில் என் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் வரும் பிரதான வீதியான ‘காலி வீதி’க்கு நடந்து வர எனக்கு ஆறு நிமிடம். அவர் அழைக்கும் கணக்கும் அதுதான். ஒருநாள் மழையில் நான் பிந்திவிட்டேன். மூடியிருந்த ஒரு கடையின் கூரைக்குக் கீழே பெட்டியை வைத்து, பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு, எனக்காக அவர் நின்றார். அந்த ஐந்நூறு ரூபாயில் இது அடங்காது. பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அன்று, “இறக்குமுன் பிள்ளைக்கு அழைப்பீர்களா?” என்பதுதான்.

அந்த நேரத்து வெள்ளவத்தையைப் பார்க்க வேண்டும். இருட்டில் காலி வீதி ஓரமாக நாலைந்து பஸ்கள் நிற்கும். பயணிகளைவிடக் காத்து நிற்பவர்கள் அதிகம். முருங்கைக்காய்க் கட்டு, பனையோலைப் பெட்டி, வெங்காயச் சாக்கு, துணியால் வாய் கட்டிய வாளி என்று இறங்கிக்கொண்டே இருக்கும். வந்த முதல் வாரம் நான் யாரோடும் முழுதாக ஒரு உரையாடல் நடத்தவில்லை. விரிவுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் படித்துவிட்டு வந்த எனக்குக் குறிப்பு எடுக்கவே கை ஓடவில்லை. 155ஆம் இலக்க பஸ்ஸில் எங்கே இறங்குவது என்று கேட்கவும் கூச்சம். அந்த ஒன்பதாம் நாள் அதிகாலையில், பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் பெட்டியைப் பார்த்து, “கொடிகாமமோ பிள்ளை? அப்போ உள்ளே தேங்காய் இருக்கும்” என்றார். இருந்தது. குடுமியோடு உரித்த நான்கு தேங்காய்கள். கொழும்பில் ஒரு தேங்காய் இருநூறு ரூபாயைத் தொட்டிருந்த காலம் அது. அறையில் அதை உடைத்துச் சம்பல் இடித்தபோதுதான் இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

எதை அனுப்பலாம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. வறுத்த அரிசிமா, வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், நல்லெண்ணெய், மோர்மிளகாய் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம். மிளகாய்த்தூளை மட்டும் இரண்டு பைகளில் கட்டி உடுப்புகளிலிருந்து தள்ளி வையுங்கள். முருங்கைக்காயைத் தினசரித் தாளில் சுற்றினால் வாடாது. ஈரத்துணியில் சுற்றினால் கறுத்துப்போகும், நாங்கள் பட்டு அறிந்தது. எங்கள் பகுதியான தென்மராட்சியின் பலாப்பழத்தை முழுதாக ஏற்ற எந்த நடத்துநரும் சம்மதிக்க மாட்டார், அடுத்தவர் பெட்டியெல்லாம் மணக்கும். அம்மா இப்போது கொட்டை நீக்கிய சுளைகளை மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் போட்டு அனுப்புகிறார். விடியும்போதும் சுளை விறைப்பாகவே இருக்கிறது.

சமைத்த சாப்பாட்டை அனுப்ப வேண்டாம். இதைச் சொல்வது எனக்குக் கடினம். வைகாசியில் என் பிறந்தநாளுக்கு அம்மா இறால் குழம்பும் புட்டும் அனுப்பினார். வழக்கமான பஸ்ஸில் இடமில்லை என்று அப்பா அடுத்து வந்ததில் ஏற்றியிருந்தார். ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை காலி வீதியில் நின்றேன். அழைப்பு வரவில்லை. நடத்துநரின் கைப்பேசி அணைந்திருந்தது. நண்பகலுக்குப் பிறகுதான் எடுத்தார். பெட்டியை இறக்க மறந்து, பஸ்ஸை நிறுத்தும் இடத்துக்கே கொண்டுபோயிருந்தார்கள். செய்முறை வகுப்பை விட்டுவிட்டு முச்சக்கரவண்டியில் தெகிவளைக்குப் போனேன். வெயிலில் கிடந்த பெட்டியின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. “சாப்பாட்டை ஏன் அனுப்புகிறார்கள்?” என்று நடத்துநர் கேட்டாரே தவிர, மறந்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கலாம். ஆனால் வெயிலில் அடுப்படியில் நின்று அம்மா அரைத்துக் கரைத்து வைத்த குழம்பு அது. அன்றிரவு அம்மா கேட்டபோது, நன்றாக இருந்தது, மூன்று பேர் சேர்ந்து சாப்பிட்டோம் என்றேன். இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போன பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் நீ அன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?” என்று மட்டும் கேட்டார்.

இந்தச் சேவைக்கு ஐந்து புள்ளியில் நான்கு கொடுப்பேன். குறைந்த ஒன்று அந்த இறால் குழம்புக்காக. பற்றுச்சீட்டுக் கிடையாது, தவறினால் பொறுப்பேற்கவும் ஆள் கிடையாது. இலக்கம் போட்ட ஒரு துண்டுச் சீட்டாவது கொடுக்கலாம், பெரிய செலவில்லை. உடைமை தொலைந்தாலும் நியாயம் கேட்க இடமில்லை என்பதால் பணமோ கல்விச் சான்றிதழ்களோ பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் நான்கு கொடுப்பதற்குக் காரணம் என் சித்தி. அவரும் இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டபோது அவர் இரண்டாம் வருடம். மிருசுவில், எழுதுமட்டுவாள் தாண்டினால் முகமாலை. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரம். அங்கே பாதை அறுந்தது. ஊருக்குப் போவதென்றால் விமானம் அல்லது கப்பல், அதற்கும் அனுமதி. போர் முடிந்து 2009இல் பாதை திறக்கும்வரை அம்மம்மாவின் தூள் தன் கைக்கு வரவில்லை என்று சித்தி சொல்வார். வெள்ளவத்தைக் கடைத் தூளில் சமைத்துப் பார்த்து, கடைசியில் கறி வைப்பதையே விட்டுவிட்டாராம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலி வீதியைக் கடக்கும்போதெல்லாம் சித்தியை நினைத்துக்கொள்வேன். முந்தின மாலை கொடிகாமத்தில் கட்டிய கயிறு, முடிச்சு அவிழாமல் என் கையில் இருக்கிறது.

இன்னொன்று. பெட்டி திரும்பிப் போவதும் இதே பஸ்ஸில்தான், அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் மாதம் பிஸ்கட் டின்னைக் கழுவித் துடைத்து அனுப்பிவிட்டேன். ‘வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காதே’ என்று சின்ன வயதில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை டின்னின் அடியில் ஒரு பிடி சீனி மட்டும் தூவி அவரே எனக்கு அனுப்பியிருந்தார். அதன் பிறகு டின் இங்கிருந்து வெறுமையாகப் போனதில்லை.

இப்போது ரம்புட்டான் பருவம். காலி வீதி நடைபாதையில் சிவப்பாகக் குவித்து வைத்து விற்கிறார்கள். எங்கள் மண்ணில் அது அவ்வளவாகக் காய்க்காது, அப்பாவுக்கு உயிர். இன்று ஐம்பது பழங்கள் வாங்கி, காம்போடு டின்னில் அடுக்கி, பெட்டியின் மூன்று பக்கங்களிலும் அவர் பெயரை எழுதினேன். மேலே ‘கொடிகாமம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும். சிங்கள எழுத்தை இம்முறை யாரிடமும் கேட்கவில்லை. எட்டு மணி பஸ்ஸில் ஏற்றியாகிவிட்டது. அது கொடிகாமத்தைத் தாண்ட நான்கரை மணியாகும். அப்பா நான்கு மணிக்கே சந்தியில் வந்து நிற்பார்.