வீட்டு ஃபயர்வாலுக்குப் பின்னால் ஃபைல் சர்வர்: எஃப்டிபியா, எஸ்எஃப்டிபியா, விபிஎன்னா?

வீட்டுக் கணினியில் உள்ள ஃபைல்களை வெளியூரிலிருந்து எடுக்க வேண்டும் என்றால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஃபைல்களை அனுப்பி வாங்கும் பழைய முறையான எஃப்டிபிதான். வீட்டு நெட்வொர்க்கில் அதிகம் படுத்துவதும் அதுவே. அதன் இப்போதைய அடிப்படை விதிமுறை 1985இல் எழுதப்பட்டது. அப்போது வீட்டுக்கு வீடு ரவுட்டர் கிடையாது. 21ஆம் போர்ட்டில், அதாவது கணினியின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்றில், பேச்சு நடக்கும். ஃபைல் பட்டியலுக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித் தனி இணைப்பு வேண்டும். பாஸிவ் முறையில் அதற்கான முகவரியையும் போர்ட்டையும் சர்வரே சொல்லும். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வர் 192.168.1.10 என்று உள்முகவரியைச் சொன்னால் வெளியில் இருப்பவர் எங்கே போவார்? லாகின் ஆகும், பட்டியல் மட்டும் வராது.

இதற்குத் தீர்வு உண்டு. சர்வர் அமைப்பில் வெளி ஐபியைக் கொடுத்து, பாஸிவ் போர்ட்டுகளை 50000 முதல் 50050 வரை என்று வரையறுத்து, அத்தனையையும் 21உடன் சேர்த்து ரவுட்டரில் ஃபார்வர்டு செய்ய, அதாவது அங்கே வருவதைச் சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும். இவ்வளவு செய்தும், டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம் போடாவிட்டால் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகப் போகும். புதிதாக அமைப்பவருக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

எஸ்எஃப்டிபிக்கு எஃப்டிபியோடு பெயரில் மட்டும்தான் உறவு. உண்மையில் அது எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்புக்குள் ஓடுவது. 22ஆம் போர்ட் ஒன்று போதும், எல்லாம் மறைகுறியாக்கத்தோடு போகும். ஆனால் திறந்த உடனே பாட்கள் என்ற தானியங்கி நிரல்கள் பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டத் தொடங்கும். அதனால் பாஸ்வேர்டு லாகினை நிறுத்திவிட்டு, சாவி ஃபைலை மட்டும் அனுமதியுங்கள். போர்ட் எண்ணை மாற்றினால் சர்வரின் லாக் பதிவில் கூச்சல் குறையும், அவ்வளவுதான்.

சரி, ரவுட்டரின் வான் ஐபி, அதாவது இணையப் பக்கத்து முகவரி, 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்குகிறதா? அப்படியென்றால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது ஒரே பொது ஐபியை இணைய நிறுவனம் பலருக்குப் பகிர்கிறது. ஐபிவி4இல் போர்ட் ஃபார்வர்டு செய்து பயனில்லை, வீட்டில் தனியாக வயர்கார்டு என்ற விபிஎன் சர்வர் வைத்தாலும் அதே கதைதான். இங்கே டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை கைகொடுக்கும். இரண்டு முனைகளும் வெளிநோக்கியே இணைவதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். நேரடி வழி கிடைக்காதபோது ரிலே என்ற இடைச் சர்வர் வழியாகப் போகும், வேகம் குறையும். உள்ளே வந்தபின் விண்டோஸ் ஷேரையே வீட்டில் போலப் பயன்படுத்தலாம். அந்த ஷேரின் 445ஆம் போர்ட்டை மட்டும் நேராக இணையத்துக்குத் திறக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த வழியில்தான்.

குடும்பத்துக்கு என் தேர்வு டெயில்ஸ்கேல். வெளியாட்களிடம் அந்தச் செயலியை நிறுவச் சொல்ல முடியாது. பொது ஐபி இருந்தால் அவர்களுக்கு ஒரு ஃபோல்டரோடு அடைத்த எஸ்எஃப்டிபி கணக்கு கொடுங்கள்.