அலர்ட் மென்பொருளில் வெட்டுப்படும் வரிகள்: இரண்டு வருட அனுபவம்

சர்வர்களில் கோளாறு வந்தால் உடனே கவனிக்க வேண்டிய ஆன்-கால் பணியில் இருந்த ஓர் இரவு, இரண்டரை மணிக்குப் போன் அலறியது. திரையில் ‘புரொடக்‌ஷன் – டேட்டாபேஸ் கிளஸ்டர் – டிஸ்க் ஸ்பே…’ என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் நான்கு அலர்ட்டுகள், எழுத்து மாறாமல் அதே வரி. எந்த சர்வர், டிஸ்க் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதெல்லாம் அந்த மூன்று புள்ளிக்குப் பின்னால். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான், நான்கு 80 சதவீதத்தில் இருக்க ஒன்று மட்டும் 97ஐத் தொட்டிருந்தது தெரிந்தது.

கணினியில் பார்த்தால் இவ்வளவு சிரமம் இல்லை. பட்டியலில் நெடுவரிசையின் ஓரத்தைப் பிடித்து இழுக்கலாம், மவுஸை மேலே வைத்தால் முழு வரியும் சின்னப் பெட்டியில் வரும். ஆனால் அதிலிருந்து காப்பி எடுக்க முடியாது. கை அசைந்தால் மறைந்துவிடும். அதனால் நேராக விவரப் பக்கத்தைத் திறப்பதே பழகிவிட்டது.

திருத்தும் இடத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். பட்டியலிலேயே இருமுறை கிளிக் செய்து விவரிப்பைத் திருத்தும் வசதி உண்டு. ஒருநாள் அப்படித் திறந்து ஓர் எழுத்துப்பிழையைச் சரிசெய்து சேமித்தேன். பெட்டிக்குள் வந்திருந்தது முழு உரை அல்ல, பட்டியலில் தெரிந்த துண்டு மட்டும். அதுவே மூன்று புள்ளியோடு சேமிப்பாகி, கீழே இருந்த ஏழெட்டு வரி ரன்புக் குறிப்பு (கோளாறு வந்தால் செய்ய வேண்டிய படிகள்) போய்விட்டது. நல்லவேளை, மாற்ற வரலாற்றில் பழைய பதிப்பு இருந்ததால் எடுத்து ஒட்ட முடிந்தது. இது வசதியா பொறியா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

வெட்டு இரண்டு வகை என்பதே அப்புறம்தான் புரிந்தது. ஒன்று, திரையில் மட்டும் வெட்டுவது. உரை உள்ளே பத்திரமாக இருக்கும். மற்றது, உள்ளே வரும்போதே 255 எழுத்தோடு நறுக்கிவிடுவது. அது போனது போனதுதான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நான் பட்டியலைச் சிஎஸ்வி-யாக, அதாவது வெறும் உரைக் கோப்பாக, ஏற்றுமதி செய்து பார்ப்பேன். அதில் முழுசாக வந்தால் திரையின் வேலை. அங்கேயும் பாதியில் நின்றால், அலர்ட்டை அனுப்பும் கருவியில் உள்ள செய்தி வடிவத்தை, அதாவது டெம்ப்ளேட்டைத்தான் திருத்த வேண்டும். எங்கள் தலைப்புப் புலத்தில் இரண்டுமே நடந்துகொண்டிருந்தது, ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல்.

எஸ்எம்எஸ் தனிக்கதை. ஆங்கில எழுத்து மட்டும் என்றால் ஒரு செய்தியில் 160 கொள்ளும். நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் மொத்தச் செய்திக்கும் 70தான். அதிலும் ‘கு’ என்பது இரண்டாக எண்ணப்படும், ககரம் ஒன்று உகரக் குறி ஒன்று என்று. நீளமான செய்தியைப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு எங்கள் மென்பொருளில் இல்லை. மிச்சத்தை வெட்டி எறிந்துவிடும்.

கடைசியில் டெம்ப்ளேட்டைத் தலைகீழாக்கினோம்: முதலில் சதவீதம், அடுத்து சர்வர் பெயர், ‘புரொடக்‌ஷன்’ எல்லாம் வால்பகுதிக்கு. இப்போது வெட்டுப்பட்டாலும் வேண்டியது தெரிகிறது. மற்றபடி அலர்ட் தாமதமாக வந்ததாகவோ வராமல் போனதாகவோ இந்த இரண்டு வருடத்தில் புகார் சொல்ல எதுவும் இல்லை. வேறு மென்பொருளுக்கு மாறச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. பட்டியலில் திருத்தும் அந்த வசதியை மட்டும் அட்மினிடம் சொல்லி அணைத்து வைத்திருக்கிறோம்.