மாடி வீட்டுக்கு டெகோ எக்ஸ்20: மூன்று பெட்டியா, இரண்டு பெட்டியும் ஒரு கேபிளுமா?

மொரீஷியஸில் வீட்டு வைஃபைக்கு முதல் எதிரி தூரமல்ல, மேல்தளம். 1960 ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கேரல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து தகர வீடுகளையும் மர வீடுகளையும் வாரிக்கொண்டு போனபின் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. கீழே பெற்றோர், முதல் மாடியில் மூத்தவன் குடும்பம், அதற்கு மேல் இளையவனுக்காக வானம் பார்த்து நிற்கும் கம்பிகள். புயலுக்கு அசையாத அந்தத் தளம் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கும் அசைந்து கொடுப்பதில்லை.

டிபி-லிங்க் டெகோ எக்ஸ்20 ஒரு மெஷ்: பல வைஃபை பெட்டிகள் ஒன்றோடொன்று பேசி வீடு முழுக்க ஒரே வைஃபையாகத் தரும் ஏற்பாடு. அதைப் பற்றிய தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு பெட்டிகள் வாங்கி நடுவில் ஒரு கேபிள் இழுத்தால் காசுக்கேற்ற சரக்கு. மாடிக்கொன்றாக மூன்றை வைத்துக் காற்றிலேயே கோத்துவிடலாம் என்று வாங்கினால், மூன்றாவது பெட்டி பூச்சாடிக்குப் பக்கத்தில் இன்னொரு பூச்சாடி.

அட்டைப்பெட்டியில் ஏஎக்ஸ்1800 என்று பெரிதாகப் போட்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 1201 மெகாபிட். இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கியது அது. போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும், அதிலும் எழுதிய வேகத்தில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தால் நல்ல நாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. கவனிக்க வேண்டியது, இதில் ரேடியோ இரண்டே இரண்டு. போனுக்குக் கொடுப்பதும் அடுத்த டெகோவுக்கு அனுப்புவதும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, அதே சேனல். கேட்டு முடித்த பிறகுதான் திருப்பிச் சொல்ல முடியும் என்பதால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் ஒரு தாவலுக்கு வேகம் ஏறத்தாழப் பாதியாகும், இரண்டு தாவலுக்குக் கால்வாசி. தளம் தின்றது போக மிஞ்சியதில்தான் இந்தப் பாதியும் காலும்.

இதற்கு மாற்றாக மூன்றாவது ரேடியோ உள்ள மெஷ்களைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். நெட்கியர் ஓர்பி ஆர்பிகே50 அப்படிப்பட்டது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே பேச மட்டும் 1733 மெகாபிட் ரேடியோ ஒன்று தனியாக உண்டு. ஒரே தளத்தில் நீண்டு கிடக்கும் வீட்டில் அது அருமை. ஆனால் அந்த ரேடியோவும் 5 கிகாஹெர்ட்ஸ்தான். கான்கிரீட் தளத்தை அதனாலும் துளைக்க முடியாது, நம் பையைத்தான் துளைக்கும்.

சரி, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் மலிவான ரிப்பீட்டர் போதாதா? சில வீடுகளுக்குப் போதும். டிபி-லிங்கின் ஆர்.இ.305 சுவர்ச் சாக்கெட்டிலேயே செருகும் சாதனம், 2.4இல் 300, 5இல் 867 மெகாபிட். ஒரே தளத்தில் கடைசிப் படுக்கையறைக்கு மட்டும் சிக்னல் எட்டவில்லை என்றால் இதுவே வேலையை முடித்துவிடும். பலர் இதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே செருகிவிட்டுப் பழி சொல்வார்கள். ரிப்பீட்டருக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? ரூட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில், ரூட்டர் பக்கம் ஒரு எட்டு தள்ளி வைக்க வேண்டும். சிக்னல் விளக்கு நீலமாக இருந்தால் இடம் சரி, சிவப்பானால் ரூட்டரை நோக்கி நகர்த்துங்கள்.

இன்னொரு சங்கடம் நம் சாக்கெட்டுகள். இங்கே பிரிட்டிஷ் மூன்று முள்ளும் பிரெஞ்சு இரண்டு முள்ளும் ஒரே வீட்டில் கலந்திருக்கும். உருண்டை முள் உள்ள ரிப்பீட்டரை வாங்கி, முள் மாற்றும் அடாப்டர் போட்டு மூன்று முள் சாக்கெட்டில் தொங்கவிட்டால் எடை தாங்காமல் மெல்ல வெளியே சரியும். பிறகு "இணையம் அடிக்கடி போகிறது" என்று ஃபைபர் கம்பெனிக்குப் போன் போகும். வாங்குமுன் எந்தச் சாக்கெட்டில் போகப்போகிறது என்று பார்த்து, அதற்கேற்ற முள்ளோடு வாங்குங்கள். பெட்டியில் ஒன்மெஷ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அது அதே கம்பெனியின் ஒன்மெஷ் ரூட்டரோடு சேர்ந்தால்தான் உயிர் பெறும். ஃபைபர் கம்பெனி வைத்துப்போன பெட்டியோடு இது வெறும் ரிப்பீட்டர்தான்.

எதை வாங்குவதற்கும் முன்னால் வீட்டை அளந்துகொள்வது நல்லது. ஆண்ட்ராய்டில் வைஃபைமேன் போன்ற இலவசச் செயலி போதும். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டியைப் போட்டு, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்க வேண்டும். எண்கள் மைனஸில் வரும், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது. -50 பக்கத்து அறை போல. -67 வரை வீடியோ அழைப்பு தடையின்றி ஓடும். ரிப்பீட்டரோ காற்றுவழி மெஷ் பெட்டியோ வைக்கும் இடத்திலும் -65க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். -80இல் கம்பங்கள் இரண்டு தெரியும், படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ரூட்டர் இருக்கும் அறையில் ஒரு அளவு, அதற்கு நேர் மேலே மாடியில் ஒரு அளவு, படிக்கட்டின் தலையில் ஒரு அளவு எடுங்கள். நேர் மேல் அறையைவிடப் படிக்கட்டுத் தலையில் நன்றாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அங்கே தளத்தில் ஓட்டை இருக்கிறது, சிக்னல் மனிதரைப் போலப் படியேறி வருகிறது. கேபிள் இழுக்கவே வழியில்லாத வீட்டில் அந்தப் படிக்கட்டுதான் கடைசி நம்பிக்கை: ஒரு டெகோ கீழ்ப்படி அருகில், மற்றது மேல்படி அருகில், ஒன்றையொன்று பார்க்கும்படி. அலமாரிக்குள்ளே, டிவிக்குப் பின்னே, மீன்தொட்டிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் அருகே வேண்டாம். புயல் எச்சரிக்கைக்கு இரும்பு ஷட்டரை இறக்கினால் வராந்தாவில் சிக்னல் செத்துவிடுவதும் இயல்பு. அது டெகோவின் குற்றமல்ல.

இனிக் கேபிள். பணத்தில் மிகச் சிறிய பங்கு இதுதான், பலனில் பெரிய பங்கும் இதுதான். ஒரு மாடி ஏற கேட்6 வகை நெட்வொர்க் கேபிள் 20 மீட்டர் பெரும்பாலும் போதும்; எல்லை 100 மீட்டர் என்பதால் வீட்டுக்குள் தூரம் ஒரு பொருட்டே இல்லை. சி.சி.ஏ. என்று எழுதியிருந்தால் கடையிலேயே விட்டுவிடுங்கள். அது செம்பு பூசிய அலுமினியம், வளைத்தால் உள்ளே ஒடியும், முனையில் தலை (செருகும் பிளாஸ்டிக் இணைப்பான்) மாட்டினால் நாளடைவில் தளரும். வெளிச்சுவரில் போகும் கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு பாலிதீன் உறை போட்டதாக இருக்க வேண்டும். உள்வீட்டுச் சாம்பல் கேபிள் நம் வெயிலில் வெடித்து, மழை உள்ளே இறங்கும்.

தளத்தைத் துளைக்காதீர்கள். கம்பியில் முட்டும், முட்டாவிட்டால் மழைக்காலத்தில் ஒழுகும். வெளிச்சுவர் வழியாக ஏறுவதே நல்லது. வெறும் கேபிளுக்கு 8 மில்லிமீட்டர் துளை போதும், தலை மாட்டிய கேபிள் என்றால் 16 வேண்டும். ஆகவே முதலில் இழுத்துவிட்டுப் பிறகு தலை மாட்டுங்கள். துளை உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிந்து இறங்கட்டும். வெளியே கேபிளை ஒரு கை அளவு கீழே தொங்கவிட்டு மேலே திருப்பினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. மிச்ச ஓட்டையைச் சிலிக்கனால் அடைக்கவும். மின்கம்பி போகும் குழாயில் இதைச் சேர்த்துத் திணிக்கக் கூடாது. வளைவுகளில் இரண்டரை சென்டிமீட்டர் ஆரமாவது இருக்கட்டும்.

தலை மாட்டும் வரிசை, கொக்கியைக் கீழே வைத்துப் பார்த்தால் இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசைதான். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் தேவை. நீலமோ பழுப்போ சரியாகக் கடிக்காவிட்டால் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், விளக்கெல்லாம் ஒழுங்காகவே எரியும். ஒரு லேப்டாப்பைச் செருகி இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா பார்த்தால் ஐயம் தீர்ந்தது. ஃபிளிக்-அன்-ஃபிளாக் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று தலையின் தகடுகளைப் பச்சையாக்கும். அங்கே இணைப்பு முனையை வெளியில் விடாதீர்கள்.

எக்ஸ்20 இந்த வேலைக்குப் பொருந்துவதற்குக் காரணம், ஒவ்வொரு பெட்டியிலும் கேபிள் செருக இரண்டு கிகாபிட் வாசல் உண்டு. கேபிளைச் செருகினால் போதும், தானாகவே காற்றை விட்டுக் கேபிளுக்கு மாறிக்கொள்ளும். செயலியில் அந்தப் பெட்டியைத் தொட்டால் இணைப்பு ஈதர்நெட் என்று தெரியும். விலை குறைந்த டெகோ இ4இல் வாசல் 100 மெகாபிட்தான். உங்கள் ஃபைபர் திட்டம் அதற்கு மேல் போகாதென்றால் இ4 வாங்குவதில் நட்டமில்லை. அதே கணக்குதான் ஆர்.இ.305க்கும். அதை அக்சஸ் பாயின்ட் முறையில் (கேபிளில் வருவதை வைஃபையாக மட்டும் தரும் முறை) போட்டுக் கேபிளில் மாட்டினால், தாவலில் பாதி போகும் பிரச்சினை அறவே இல்லை. மாடியில் ஒரே ஒரு படிக்கும் அறை என்றால் இதுதான் மிகச் சிக்கனமான வழி.

அமைக்கும்போது தடுமாற வைப்பது ஒன்றுதான். டெகோ பழக்கப்படி ரூட்டராகவே எழும். ஃபைபர் பெட்டியும் ரூட்டர். ஆக வீட்டில் இரண்டு ரூட்டர்கள், இரண்டு முகவரித் தொகுதிகள். ஃபைபர் பெட்டியில் மாட்டிய கேமராவை மாடியிலிருந்து தேடிப்பிடிக்க முடியாது, விளையாட்டுகள் முரண்டு பிடிக்கும். செயலியின் மேம்பட்ட அமைப்பில் ஆபரேஷன் மோடு என்பதை அக்சஸ் பாயின்ட்டாக மாற்றுங்கள். டிவி பெட்டியை ஃபைபர் பெட்டியோடு நேரடியாகவே விட்டுவிடுங்கள். பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே டெகோவுக்குக் கொடுத்து, ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்தால் பாட்டியின் டேப்லெட் முதல் பிரிண்டர் வரை எதையும் தொட வேண்டியதில்லை. அணைக்கச் சில பெட்டிகளின் பக்கவாட்டில் பொத்தானே இருக்கும். இரண்டாவது டெகோவை முதலாவதின் பக்கத்தில் வைத்துச் சேர்த்துவிட்டுப் பிறகு மாடிக்குக் கொண்டுபோங்கள்.

அக்சஸ் பாயின்ட் முறையில் பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு போன்றவை கிடைக்காது. அவை வேண்டுமென்று ரூட்டர் முறையில் வைத்தால், இரண்டாவது டெகோவின் கேபிள் முதல் டெகோவிலிருந்துதான் போக வேண்டும், ஃபைபர் பெட்டியிலிருந்து அல்ல. நடுவே மலிவான நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) போடுபவர்கள் கவனிக்க: டெகோக்கள் ஒன்றையொன்று அறிய அனுப்பும் 1905.1 பாக்கெட்டைச் சில ஸ்விட்சுகள் விழுங்கிவிடும், இணைப்பு நிலைக்காது. ஸ்விட்சை எடுத்துவிட்டு நேராகச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எக்ஸ்20 மீது இருக்கும் உண்மையான குறை செயலிதான். கணக்குத் திறக்காமல் பெட்டி எழவே எழாது. எல்லா டெகோவும் ஒரே சேனலில்தான் நிற்கும், மாடிக்கொரு சேனல் என்று பிரித்துக்கொள்ள வழியில்லை. போனை ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு வேகமாகக் கைமாற்றும் ஃபாஸ்ட் ரோமிங் என்பதைத் திறந்தால் பழைய போன்கள் சில இணையவே மறுக்கும், மூடியே வையுங்கள். மாடியில் நின்றுகொண்டு கீழ்ப்பெட்டியையே கட்டிப்பிடித்திருக்கும் அசையாத சாதனத்துக்கு மட்டும், அதன் பெயருக்குள் போய் மெஷ் டெக்னாலஜியை அணைத்து ஒருமுறை மீண்டும் இணைத்தால் அருகிலுள்ள பெட்டியோடு தங்கிவிடும்.

மின்கம்பி வழியாக இணையம் அனுப்பும் பவர்லைன் பெட்டிகளையும் சிலர் கேட்பார்கள். மாடிக்கொரு மீட்டர் இருக்கும் வீட்டில் அதை நினைக்கவே வேண்டாம். மீட்டரைத் தாண்டினால் சிக்னல் தேய்ந்துவிடும்.

புயல் நாளில் மின்சாரம் போனாலும் ஃபைபர் உயிரோடு இருக்கலாம். ஃபைபர் பெட்டி, கீழ் டெகோ இரண்டின் அடாப்டரிலும் எழுதிய வோல்டையும் ஆம்பியரையும் பார்த்து அதற்கேற்ற சின்ன டிசி யுபிஎஸ் ஒன்று போட்டால் ஒருவரி செய்தி அனுப்பவாவது வழியிருக்கும்.

மூன்று பெட்டிப் பொதி வேண்டாம், இரண்டே வாங்குங்கள். டெகோவின் வெவ்வேறு மாடல்கள் ஒன்றோடொன்று சேரும் என்பதால் மூன்றாவதைப் பிறகு தனியாக வாங்கலாம். இளையவனின் மாடி எழும்பும்போது, தளம் போடும் நாளுக்கு முன் 25 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை, மின்கம்பிக் குழாயிலிருந்து தள்ளி, உள்ளே ஒரு இழுகம்பியோடு கட்டிவைக்க மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.