திரையில் 65 பாகை, சோற்றில் 48: தானியங்கிச் சூட்டு அலமாரி வாங்கவிருப்போர் கவனத்திற்கு

யாழ்ப்பாணத்தில் உணவகம் நடத்துவோர், சமைத்த உணவைச் சூடாக வைத்திருக்கும் தானியங்கி அலமாரிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் இதை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். திருநெல்வேலியில் பல்கலைக்கழக மாணவர்களின் மதியச் சாப்பாட்டை நம்பி நடக்கும் எங்கள் கடைக்கு, கொழும்பு நிறுவனமொன்று ஆறு லாச்சிகள் (இழுப்பறைகள்) கொண்ட அலமாரியை விற்றது. ஒவ்வொரு லாச்சியின் வெப்பமும் தனித்தனியே அளக்கப்படும், உணவு வைத்த நேரத்தை இயந்திரமே கணக்கிடும், நேரம் கடந்தால் ஒலி எழுப்பும் என்று வாயால் சொன்னது மட்டுமன்றி விலைக்கூற்றிலும் எழுதித் தந்தார்கள்.

சில நாட்களிலேயே, பார்சல் சோறு ஆறிப்போய் இருக்கிறது என்று மாணவர்கள் முறையிட்டார்கள். திரையிலோ ஆறு லாச்சிகளுக்கும் 65 பாகை செல்சியஸ் என்றே காட்டியது. ஊசி வெப்பமானியைச் சோற்றின் நடுவில் குத்திப் பார்த்தபோது மேல் லாச்சியில் 70 பாகையும் அடி லாச்சியில் 48 பாகையும் இருந்தன. வெப்பமானியில்தான் பிழை என்று நிறுவனத்தார் சாதித்தபடியால், அதை உருகும் பனிக்கட்டியிலும் கொதிநீரிலும் வைத்துப் படமெடுத்து அனுப்பினோம். கடல்மட்டத்தை ஒட்டிய எங்கள் ஊரில் அது 0, 100 என்று சரியாகவே காட்டியது.

இது வெறும் சுவைக் குறைபாடு அன்று. சோற்றிலுள்ள பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் கொதிப்பிலும் தப்பிவிடும். சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சொன்றை உருவாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆறவிட்ட ஆட்டிறைச்சிக் கறியில் வேறொரு பற்றீரியா இதே வழியில் பெருகும். அதனாலேயே பரிமாறும் வரை உணவை 60 பாகைக்கு மேல் வைத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

குளிர்சாதனப் பெட்டி திருத்தும் உள்ளூர்த் தொழிலாளர் ஒருவர் பின்தகட்டைக் கழற்றியபோதுதான் விடயம் வெளிப்பட்டது. ஆறு லாச்சிகளுக்கும் சேர்த்து ஒரேயொரு வெப்ப உணரியே இருந்தது. அதுவும் மேலே, சூடேற்றும் சுருளுக்கு அருகில். திரையில் தெரிந்த ஆறு எண்களும் அந்த ஒன்றின் பிரதிகளே. மின்விசிறியின் தகட்டில் 60 ஹேர்ட்ஸ் என்று பொறிக்கப்பட்டிருந்தது. இலங்கை மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ் ஆகையால், அத்தகைய மோட்டார் இங்கு ஏறத்தாழ ஆறிலொரு பங்கு மெதுவாகச் சுற்றும். சூடான காற்று கீழே இறங்காமல் மேலேயே தேங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். நீர்த்தட்டு வைக்க இடமே இல்லாததால் இடியப்பம் காய்ந்து நொறுங்கியது. (புட்டு மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தது.)

இவற்றிலும் மோசமானது நேரக் கணக்கு. மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டு மீண்டால் ஆறு கடிகாரங்களும் பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். காலையில் வைத்த கறி, பிற்பகலில் இப்போதுதான் வைத்ததுபோலத் திரையில் நிற்கும். இத்தகைய இயந்திரத்தை நம்புவதைவிட, கொப்பியில் நேரம் எழுதும் பையனை நம்புவது மேல்.

நிறுவனத்தார் முதலில் உணவைக் குறைவாக வைக்கச் சொன்னார்கள். பிறகு யாழ்ப்பாணத்து மின்னழுத்தத்தைக் குறை சொன்னார்கள். கடைசியாக, உத்தரவாதத்தின்படி இலவசத் திருத்த வேலை கொழும்பு மாவட்டத்துக்குள் மட்டுமே என்றும், ஆள் வருவதாயின் போக்குவரத்துச் செலவை நாங்களே ஏற்க வேண்டும் என்றும் எழுதினார்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால், விலைக்கூற்று, பற்றுச்சீட்டு, படங்கள் ஆகியவற்றுடன் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிட்டிருக்கிறோம். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.

வாங்க நினைப்பவர்கள், எல்லா லாச்சிகளிலும் சூடான சோற்றை நிரப்பி, இரண்டு மணித்தியாலம் கழித்து ஒவ்வொன்றையும் சொந்த வெப்பமானியால் அளந்து, இடையில் ஒருமுறை மின்னிணைப்பைத் துண்டித்துப் பார்த்த பின்னரே மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஆறு லாச்சி அலமாரியை ஏற்கெனவே வாங்கியவர்கள் அடி லாச்சியை இன்றே அளந்து பாருங்கள். 60 பாகைக்குக் கீழே இருந்தால் எனக்கு எழுதுங்கள், முறைப்பாட்டில் உங்கள் அளவீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.